வாழிடம்: மரப்பட்டைச் சில்லு

திங்கள்தோறும் நாலு முதல் ஆறு வரை
யிஹ்லவா ஆற்றங்கரையில், ஊர் நூலகத்தின் பின்னறையில்
காளான் பார்த்துச் சொல்கிறேன்.
சம்பளம் கிடையாது. ஒரு மேசை, ஒரு விளக்கு,
எத்தனை கழுவினாலும் மண் வாசம் போகாத கத்தி.

வேரோடு தோண்டிக் கொண்டுவாருங்கள் என்பேன்,
ஒடித்துக்கொண்டு வருவார்கள்.
சாவுச் சேதி இருப்பதோ மண்ணுக்குள், அடியுறையில்.
முகர்வேன்: ஈர மாவு, முள்ளங்கி, சோம்பு,
குளியலறையில் ஊறிப்போன சவர்க்காரம்.
வெட்டினால் நீலம் பாய்கிறதா, பால் கசிகிறதா,
தொப்பியைத் தாளில் கவிழ்த்து வைத்தால்
விடிவதற்குள் என்ன நிறத்தில் தூள் உதிர்கிறது.
எல்லாவற்றுக்கும் பிறகு அதே கேள்விதான்:
சாப்பிடலாமா?

போன மாதம் திருமதி ஒர்லீச்கோவாவின் கூடையில்
இளம்பச்சையாய் ஒன்று.
கூடையையே குப்பையில் கொட்டினேன்.
இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை.
பேசாமல் இருக்கவாவது உயிரோடு இருக்கிறாள்.

அக்டோபரில் ஒரு நாள், ஐந்து ஐம்பதுக்கு
பொரிவோய் நெதோமா வந்தார்.
ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர்.
கையில் கூடை இல்லை. ஓர் ஊறுகாய் ஜாடி,
அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பை,
அதையும் மறைத்துக் கோட்டு.
மூடியைத் திருகியதும் அறை முழுக்கச் செத்த எலி.
அவருக்குப் பின்னால் நின்ற பையன்
கூடையோடு வெளியே ஓடினான்.

ஐந்து விரல். ரத்தச் சிவப்பு.
வெள்ளை முட்டையைக் கிழித்துக்கொண்டு
மேலே விரிந்த கை.
உள்ளங்கையில் கரும்பச்சைக் கூழ்.

"சாப்பிடலாமா என்று கேட்க வரவில்லை" என்றார்.
"இது யார்?"

த்ரஹோமீராவின் குழிமேல் முளைத்திருக்கிறது.
நெஞ்சுக்கு நேரே.
சனிக்கிழமை ஒரு கை, இன்று மூன்று.
"வருஷம் ஒன்றாகிறது, கல் இன்னும் வைக்கவில்லை.
அதைத்தான் கேட்கிறாளோ என்று..."
மீதியை ஜாடியிடம் விட்டுவிட்டார்.

பெயரை உடனே சொல்லியிருக்கலாம்.
படத்தில் பார்த்ததுதான்,
மூக்கால் பார்ப்பது இதுவே முதல் தடவை.
கையுறை மாட்டி ஒரு விரலை அமுக்கினேன்:
கடற்பஞ்சு. உள்ளே வெறும் காற்று.
தென்கடல் நாட்டுச் சரக்கு என்றேன்,
கம்பளிப் பொதியில் ஒளிந்து
கப்பலேறி வந்திருக்கலாம் என்கிறார்கள்.
பிணவாடைதான் அதன் பிழைப்பு:
ஈ வந்து உட்காரும், காலில் வித்தோடு பறந்துபோகும்.

"குழிமேல் மரப்பட்டைச் சில்லு கொட்டினீர்களா?"

காது மடல் சிவந்தது.
"களை வராது என்றார்கள். மூன்று மூட்டை.
தள்ளுபடியில்."

"அதில்தான் வந்திருக்கும்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று
தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.
"மலிவாய்க் கிடைத்தால் போதும் உனக்கு,
மூளையைக் கழற்றி அந்தக் கடையிலேயே வைத்துவிடுவாய்
என்பாள். முப்பத்தெட்டு வருஷம்
சொல்லிக்கொண்டிருந்தாள்."

பிடுங்கிவிடட்டுமா என்று கேட்டார்.
உங்கள் இஷ்டம், சில நாளில் தானே சரிந்துவிடும் என்றேன்.
"ஈ வருமா?"
"வரும்."
"எத்தனை?"
அதை யார் எண்ணியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாது.
"எனக்கு எண்ணிப் பழக்கம்" என்றார்,
ஜாடியை என்னிடமே விட்டுப் போனார்.

பதிவேட்டில் எழுதினேன்.
இடம்: ஊர்க் கல்லறை, மூன்றாம் வரிசை.
வாழிடம்: மரப்பட்டைச் சில்லு.
உண்ணத்தக்கதா என்ற கட்டம் காலி.
ஜன்னலைத் திறந்தேன். பையன் மூக்கைப் பொத்தியபடி
ஒன்பது சாதாரணக் காளான்களோடு திரும்பி வந்தான்.

அடுத்த திங்கள் கதவடியில் ஓர் உறை.
பழைய ரயில்வே படிவம் ஒன்றின் பின்பக்கம்,
கோடு பிசகாத கையெழுத்து:

செவ்வாய், காலை, 41.
புதன், 63. ஒரு வண்டும்.
வியாழன், மழை. நான் மட்டும்.